இடுப்பு பிடித்தவன் மறுபடி பளு தூக்குவது எப்படி?

எனக்கு இடுப்பு பிடித்தது டெட்லிஃப்ட் (பளுவைத் தரையிலிருந்து எடுத்து நிமிரும் பயிற்சி) தூக்கும்போது அல்ல. 100 கிலோவை ஐந்து முறை ஒழுங்காகத் தூக்கி இறக்கிவிட்டேன். பெல்ட்டைக் கழற்றிப் போட்டு, பக்கத்தில் நின்றவனோடு முந்தைய நாள் காற்பந்தைப் பற்றிப் பேசிக்கொண்டே, 20 கிலோ பிளேட் ஒன்றை ரேக்கின் அடித்தட்டில் மாட்டக் குனிந்து திரும்பினேன். அவ்வளவுதான், நிமிர முடியவில்லை. மோட்டார் சைக்கிளில் ஜிம்முக்குப் போனவன், நண்பனின் காடியில் (காரில்) பின்சீட்டில் படுத்தபடி பினாங்கு ஜெலுத்தோங்கில் இருக்கும் வீட்டுக்குத் திரும்பினேன்.

அதன் பிறகு நான் செய்த தவறு இன்னும் பெரியது. பன்னிரண்டாம் நாள் வலி குறைந்ததும் நேராகப் போய் 90 கிலோவைப் போட்டேன். மறுபடி படுக்கை. இரண்டாம் முறைதான் ஒழுங்காகக் கற்றுக்கொண்டேன். அதைத்தான் இங்கே எழுதுகிறேன், பளு தூக்கத் தொடங்கிச் சில மாதமே ஆகி, முதல் தடவை இடுப்பு பிடித்துப் பயந்துபோயிருக்கும் ஆட்களுக்காக. நான் மருத்துவன் அல்ல. அதனால் முதலில் மருத்துவரிடம் ஓட வேண்டிய கதை.

எப்போது காத்திருக்கக் கூடாது

சிறுநீர் கழிக்க முடியாமல் அடைத்துக்கொண்டாலோ, அடக்க முடியாமல் போனாலோ, மலம் கட்டுப்பாட்டில் இல்லாமல் போனாலோ, சைக்கிள் சீட்டில் படும் இடம் மரத்துப்போனாலோ, கால் நாளுக்கு நாள் பலம் இழந்தாலோ, நடக்கும்போது பாதம் தொங்கித் தரையில் இழுபட்டாலோ, இந்தக் கட்டுரையை மூடிவிட்டு அவசரப் பிரிவுக்குப் போங்கள், நடு இரவாக இருந்தாலும். முதுகுத்தண்டின் அடியில் குதிரைவால் போல இறங்கும் நரம்புக்கற்றை நசுங்கினால் இப்படி ஆகும். மணிக்கணக்கில் முடிவெடுக்க வேண்டிய விஷயம் அது, 'நாளைக்குப் பார்க்கலாம்' என்பதற்கு அங்கே இடமில்லை. 999க்கு அழைக்கலாம்.

கீழே விழுந்தோ விபத்திலோ வந்த வலி, காரணமில்லாமல் எடை குறைவது, முன்பு புற்றுநோய் வந்தவர், நீண்ட காலம் ஸ்டெராய்டு சாப்பிட்டவர், படுத்தாலும் இரவெல்லாம் குறையாத வலி: இவர்களும் முதலில் மருத்துவரைத்தான் பார்க்க வேண்டும்.

நம் ஊருக்கே உரிய ஒன்றும் உண்டு. இடுப்பு வலியோடு காய்ச்சலும் இருந்தால் அதை ஜிம் வலி என்று நினைத்து ஐபுபுரோஃபென், டைக்ளோஃபெனாக் போன்ற மாத்திரைகளைப் போடாதீர்கள். டிங்கியாக இருந்தால் அவை இரத்தக்கசிவைக் கூட்டும். கிளினிக்கில் இரத்தம் பார்த்த பிறகு மற்றதைப் பேசலாம்.

முதல் சில நாட்கள்

மேலே சொன்ன எதுவும் இல்லையா? அப்படியானால் நிலைமை உங்களுக்குச் சாதகம். 2014இல் லான்செட் மருத்துவ இதழில் வந்த ஆஸ்திரேலிய ஆய்வில், புதிதாக இடுப்பு பிடித்தவர்களில் பாதிப் பேர் ஏறக்குறைய 17 நாளில் குணமாகிவிட்டார்கள். வேடிக்கை என்னவென்றால், பாராசிட்டமால் சாப்பிட்டவர்களுக்கும் வெறும் மாவு மாத்திரை சாப்பிட்டவர்களுக்கும் வித்தியாசமே இல்லை. பெரும்பாலோருக்கு ஆறு வாரத்துக்குள் தணிந்துவிடும்.

ஆனால் பலகை போலப் படுத்துக் கிடப்பது உதவாது. என் அம்மா மூன்று நாள் எழவே விடவில்லை, சாப்பாடுகூடக் கட்டிலுக்கு வந்தது. பாசம்தான், ஆனால் நான்காம் நாள் முதல் நாளைவிட மோசமாக இருந்தது. முதல் ஓரிரு நாள் வலி தாங்கவில்லை என்றால் அரைமணி, ஒருமணி படுங்கள். பிறகு எழுந்து வீட்டுக்குள்ளேயே ஐந்து நிமிடம் நடங்கள். இதையே நாளுக்குப் பல முறை.

படுக்கும்போது ஒருக்களித்துப் படுத்தால் முழங்கால்களுக்கு நடுவே தலையணை, மல்லாந்து படுத்தால் முழங்காலுக்கு அடியில் தலையணை. எழும்போது வயிற்றை மடக்கி நேராக எழாதீர்கள். பக்கவாட்டில் உருண்டு, கால்களைக் கட்டிலிலிருந்து கீழே விட்டு, கையால் ஊன்றி எழுங்கள். தூங்கி எழுந்த முதல் ஒரு மணி நேரம் ஆழக் குனிய வேண்டாம். இரவெல்லாம் டிஸ்க், அதாவது முதுகெலும்புகளுக்கு நடுவே இருக்கும் மெத்தை போன்ற வட்டு, தண்ணீர் இழுத்து ஊறி உப்பியிருக்கும், அப்போது குனிந்தால் அதன் மேல் இழுவிசை அதிகம். பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைகளில் 12 மணி நேர இரவு ஷிஃப்ட் பார்ப்பவர்களுக்கு 'காலை' என்பது மத்தியானம் மூன்று மணி. கடிகாரத்தைப் பார்க்க வேண்டாம், எழுந்த நேரத்திலிருந்து எண்ணுங்கள். எழுந்ததும் நேரே ஜிம்முக்குப் போகும் ஆட்கள் இதை இன்னொரு முறை படிக்கவும்.

கிளினிக், ஸ்கேன், உருவுதல்

அரசாங்கச் சுகாதாரக் கிளினிக்கில் குடிமக்களுக்கு 1 வெள்ளிதான் (ரிங்கிட்). எம்சி (மருத்துவ விடுப்புச் சான்றிதழ்) வாங்கத் தயங்க வேண்டாம். மலேசியாவின் 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டப்படி இரண்டு ஆண்டுக்குள் வேலை செய்தவருக்கே ஆண்டுக்கு 14 நாள் சம்பளத்தோடு நோய் விடுப்பு உண்டு, ஐந்து ஆண்டைத் தாண்டியவருக்கு 22 நாள். வேலையில் சாமான் தூக்கித்தான் பிடித்தது என்றால் முதலாளியிடம் எழுத்தில் சொல்லிவிடுங்கள், தொழிலாளர் காப்புறுதி அமைப்பான சொக்சோவுக்கு அது தேவைப்படும்.

எம்ஆர்ஐ எடுக்கச் சொல்லி வீட்டில் நச்சரிப்பார்கள். கால் பலம் குறைவது போன்ற அடையாளம் இல்லாதபோது முதல் வாரங்களில் அது பெரும்பாலும் தேவைப்படாது. வலியே இல்லாதவர்களின் ஸ்கேன்களைத் தொகுத்துப் பார்த்த 2015ஆம் ஆண்டு ஆய்வு ஒன்றில், 30 வயதுக்காரர்களில் 40 விழுக்காட்டினருக்கும் 40 வயதுக்காரர்களில் பாதிப் பேருக்கும் டிஸ்க் பிதுங்கியிருந்தது. நரை போலத்தான் அதுவும். 'டிஸ்க் பிதுங்கியிருக்கு' என்ற ஒரு வரியை அறிக்கையில் படித்துவிட்டு இனி பளுவே தூக்கக் கூடாது என்று முடிவுகட்டியவர்களை எனக்குத் தெரியும். வலியைவிட அந்தத் தாள் அவர்களை அதிகம் முடக்கியது.

உருவிவிடும் ஆட்களைப் பற்றிக் கேட்பீர்கள். தைலம் தேய்த்து மெதுவாகத் தசையைப் பிடித்துவிட்டால் சுகமாக இருக்கும், கெடுதல் இல்லை. காலில் மின்னல் போல வலி பாயும்போது முதுகில் ஏறி மிதிப்பவர், 'எலும்பை உட்கார வைக்கிறேன்' என்று முறுக்குபவர் இருவரிடமிருந்தும் விலகி இருங்கள். ஃபிசியோதெரபிஸ்ட்டிடம் போனால் அவர் துணைச் சுகாதாரத் தொழிலர்களுக்கான 774ஆம் சட்டத்தின் கீழ்ப் பதிந்தவரா என்று கேளுங்கள், 2016லிருந்து அந்தச் சட்டம் இருக்கிறது. படுக்க வைத்து மின்சாரம் மட்டும் கொடுத்து அனுப்புகிறவரைவிட, உங்களை எழுப்பிக் குனியச் சொல்லிப் பார்ப்பவர் நல்லவர்.

பின்தொடையிலும் கெண்டைக்காலிலும் வலி ஓடுகிறதா? ஒரு கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஒரு அசைவுக்குப் பிறகு வலி பாதத்திலிருந்து மேலே ஏறி இடுப்புப் பக்கம் ஒதுங்கினால், இடுப்பில் கொஞ்சம் கூடினாலும் அது நல்ல அறிகுறி. கீழ்நோக்கி இறங்கினால் அந்த அசைவை நிறுத்துங்கள்.

நடை

நடை ஒரு சிகிச்சையா என்று சிரித்தவன்தான் நானும். 2024இல் லான்செட்டில் இன்னொரு ஆய்வு வந்தது. இடுப்பு வலியிலிருந்து மீண்ட 701 பேரை எடுத்துக்கொண்டு, ஒரு பகுதியினரைப் படிப்படியாக நடக்க வைத்தார்கள். நடக்காதவர்களுக்கு வலி திரும்பிவர நடுத்தரமாக 112 நாள் ஆனது, நடந்தவர்களுக்கு 208 நாள். இலக்கு வாரத்தில் ஐந்து நாள், அரைமணி நேரம், அதுவும் ஆறு மாதத்தில் எட்டிப்பிடிக்க வேண்டியது. வேறென்ன மாத்திரை இப்படி வேலை செய்கிறது?

தண்ணீர்மலையில் தாவரவியல் பூங்காவுக்குள் காலையில் ஒரு சுற்று வாருங்கள். 1884இல் தொடங்கிய பூங்கா, நிழல் தாராளம். கையில் பிளாஸ்டிக் பை மட்டும் வேண்டாம். குரங்கு பிடுங்கும்போது நீங்கள் துள்ளித் திரும்பும் வேகத்தில் இரண்டு வாரச் சிகிச்சை போய்விடும். இது நகைச்சுவை அல்ல, எனக்கு நடந்தது. பக்கத்தில் முருகன் கோயில் படிகள் 513, அவை இரண்டாம் மாதத்துக்கு.

துடைப்பக் கட்டையோடு குனியப் பழகுதல்

இதுதான் இந்த வழிகாட்டியின் நடுத்தூண், இதைத் தாண்டி ஓடாதீர்கள். நம்மில் பெரும்பாலோர் இடுப்பை வளைத்துக் குனிகிறோம். குனிய வேண்டியது தொடை இடுப்போடு சேரும் மூட்டில்.

துடைப்பக் கட்டையை முதுகோடு செங்குத்தாகப் பிடியுங்கள், ஒரு கை கழுத்துக்குப் பின்னால், இன்னொரு கை இடுப்புக்குப் பின்னால். கட்டை மூன்று இடத்தில் தொட வேண்டும்: தலையின் பின்புறம், தோள்பட்டைகளின் நடு, பிட்டத்துக்கு மேலுள்ள எலும்பு. முழங்காலைக் கொஞ்சம் தளர்த்திக்கொண்டு, பின்னால் இருக்கும் காடிக் கதவைப் பிட்டத்தால் தள்ளிச் சாத்துவது போலப் பின்னுக்குத் தள்ளுங்கள். உடம்பு தானாக முன்னால் சாயும். மூன்றில் ஒரு இடம் கட்டையை விட்டால் அதுதான் உங்கள் எல்லை. அதற்கு முன்பே நின்று திரும்புங்கள். பத்துப் பத்தாக நாளுக்கு இரண்டு வேளை.

முதல் வாரம் என் எல்லை முழங்காலுக்கு மேலேயே இருந்தது. 100 கிலோ தூக்கியவன் துடைப்பக் கட்டையிடம் தோற்றேன். பாட்டி பார்த்துவிட்டு, "வீட்டக் கூட்டவாவது கத்துக்கிட்டியே" என்றார்.

இதே முறையில்தான் இனிப் பல் தேய்த்துத் துப்ப வேண்டும், சப்பாத்து மாட்ட வேண்டும், துணிக்கூடையை எடுக்க வேண்டும்.

தரையில் மூன்று

கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில் பல்லாண்டுகள் முதுகெலும்பை ஆராய்ந்த ஸ்டூவர்ட் மெக்கில் பரிந்துரைக்கும் மூன்று பயிற்சிகள் உண்டு. மல்லாந்து படுத்து, ஒரு முழங்காலை மடக்கி, இடுப்பு வளைவுக்கு அடியில் இரு கைகளையும் வைத்து, தலையையும் தோளையும் தரையிலிருந்து சிறிதளவு தூக்குவது ஒன்று. முழங்கையை ஊன்றிப் பக்கவாட்டில் உடம்பைத் தூக்கி நிறுத்துவது இரண்டாவது, முதலில் முழங்கால் தரையில் இருக்கட்டும். நாலுகாலில் நின்று எதிரெதிர்க் கையையும் காலையும் நீட்டுவது மூன்றாவது. ஒவ்வொன்றும் 10 விநாடி பிடித்து விட வேண்டும். முதல் சுற்றில் ஆறு தடவை, அடுத்து நான்கு, கடைசியில் இரண்டு. களைத்துத் தொங்குவதற்குமுன் முடித்துவிடுவதுதான் இந்த இறங்குமுக எண்ணிக்கையின் நோக்கம்.

முழு சிட்-அப் இப்போது வேண்டாம்.

மறுபடி பார்பெல்

எப்போது போகலாம்? உட்கார்ந்து எழுவது, சப்பாத்து மாட்டுவது, அரைமணி நடப்பது மூன்றும் பெரிதாக வலிக்காமல் நடந்தால் போகலாம். எனக்கு இரண்டாம் முறை நான்கு வாரம் ஆயிற்று. காலில் வலி ஓடுபவர்களுக்குக் கூடுதலாக ஆகும், ஃபிசியோவோடு பேசி முடிவெடுங்கள்.

போனதும் முதல் வேலை, பழைய குறிப்புப் புத்தகத்தை வீட்டில் வைத்துவிட்டுப் போவது. நம்மைக் கவிழ்ப்பது அந்தப் பழைய எண்தான். "மச்சான், போன மாசம் 100 தூக்குன ஆளு நீ, இப்ப கெட்டில்பெல்லா?" என்று யாராவது கட்டாயம் கேட்பான். சிரித்துவிட்டு நகருங்கள்.

முதல் இரண்டு வாரம் 12 அல்லது 16 கிலோ கெட்டில்பெல் (கைப்பிடி வைத்த இரும்புக் குண்டு) ஒன்றை முழங்கால் உயர ஸ்டூலில் வைத்து, துடைப்பக் கட்டையில் பழகிய அதே குனிதலில் தூக்குங்கள். எட்டு எட்டாக மூன்று சுற்று. நெஞ்சோடு ஒரு டம்பெல்லைப் பிடித்துக்கொண்டு பெஞ்ச்சில் உட்கார்ந்து எழும் ஸ்குவாட். ஒரு கையில் மட்டும் பளுவைத் தொங்கவிட்டு, சாயாமல் இருபது அடி நடப்பது, பிறகு கை மாற்றுவது. கடைசியில் சொன்னது பார்க்கச் சாதாரணம்தான். ஆனால் சந்தையிலிருந்து ஒரு கையில் 10 கிலோ அரிசிப் பையோடு நடப்பதும் அதேதான்.

வலிக்கு ஒரு கணக்கு. சுழியம் முதல் பத்து வரை மனசுக்குள் மதிப்பெண் கொடுங்கள். தூக்கும்போது மூன்றுக்குள் இருந்து, மறுநாள் அதே நேரத்துக்குள் பழைய நிலைக்கு வந்துவிட்டால் அடுத்த முறை அதே பளு, அல்லது கொஞ்சம் கூட. மறுநாளும் கூடுதலாக வலித்தால் அடுத்த முறை பளுவைக் குறையுங்கள். ஜிம்முக்குள் எப்படி இருந்தது என்பதைவிட மறுநாள் காலை எப்படி இருந்தது என்பதை நம்புங்கள். தூக்கிய சூட்டில் உடம்பு பொய் சொல்லும்.

பிறகு பார்பெல் டெட்லிஃப்ட். பழைய பளுவில் பாதிக்கும் கீழே தொடங்குங்கள். 100 தூக்கியவர் 40, அதாவது 20 கிலோ பார், இரு பக்கமும் 10 கிலோ. இங்கே புதியவர்கள் மாட்டிக்கொள்ளும் ஒரு பொறி இருக்கிறது. போட்டித் தரப் பெரிய பிளேட்டின் குறுக்களவு 45 சென்டிமீட்டர், அதைப் போட்டால் பார் தரையிலிருந்து 22.5 சென்டிமீட்டர் உயரத்தில் நிற்கும். 10 கிலோ இரும்பு பிளேட் சின்னது, பார் தாழ்ந்துவிடும். பளு குறைவு என்று நினைத்துக்கொண்டு முன்பைவிட ஆழமாகக் குனிவீர்கள்! மரக்கட்டையோ, படுக்கவைத்த பிளேட்டுகளோ இரு பக்கமும் அடுக்கிப் பாரை முழங்காலுக்குச் சற்றுக் கீழே கொண்டுவாருங்கள். வாரங்கள் போகப் போகக் கட்டையைக் குறைத்துக்கொண்டு வரலாம். ஒரே வாரத்தில் உயரத்தையும் இறக்கிப் பளுவையும் ஏற்றாதீர்கள்.

மூச்சை வயிற்றுக்கு இழுத்து, யாரோ விளையாட்டாக வயிற்றில் குத்த வரும்போது இறுக்குவோமே, அப்படிச் சுற்றிலும் இறுக்குங்கள். இரத்த அழுத்தம் உள்ளவர்கள் மூச்சைப் பிடித்துவைக்க வேண்டாம், தூக்கும்போது மெல்ல விடுங்கள். இன்னும் மூன்று முறை தூக்க முடியும் என்று தோன்றும்போதே நிறுத்திவிடுங்கள். வாரம் 5 கிலோ கூட்டினால் 40இலிருந்து 100க்குப் பன்னிரண்டு வாரம். நடுவே ஒரு வாரம் கூட்டாமல் விட்டாலும் குடி முழுகிவிடாது.

பெல்ட்? வயிற்றின் அழுத்தத்தைக் கூட்ட உதவுமே தவிர, அது மருந்து அல்ல. பெல்ட் போட்டால்தான் வலிக்கவில்லை என்றால் அந்தப் பளு உங்களுக்கு இன்னும் அதிகம்.

லெக் பிரஸ் பாதுகாப்பு என்று பலர் அதற்கு மாறுவார்கள். முழங்கால் நெஞ்சை நெருங்க இறக்கும்போது பிட்டம் சீட்டிலிருந்து சுருண்டு எழும், பளு முழுவதும் வளைந்த இடுப்பில்தான் விழும். ஆழத்தைப் பாதியாகக் குறையுங்கள். குனிந்து பார்பெல்லை இழுக்கும் ரோவுக்குப் பதிலாக, நெஞ்சைப் பெஞ்ச்சில் சாய்த்து டம்பெல் இழுக்கலாம். பெஞ்ச் பிரஸ் பெரும்பாலும் பிரச்சினை தராது. டம்பெல்லைத் தரையிலிருந்து எடுப்பதுதான் பிரச்சினை.

நடுவில் ஒரு நாள் மறுபடி பிடிக்கும், பலருக்கும் நடப்பதுதான். முதல் முறை போல ஆகிவிட்டது என்று மனம் உடையாமல் இரண்டு நாள் நடை, தரையில் மூன்று, பிறகு இரண்டு வாரம் முன்பு தூக்கிய பளுவிலிருந்து ஆரம்பம்.

ஜிம்முக்கு வெளியே

பாருக்குக் கீழே நாம் அத்தனை கவனமாக இருக்கிறோம். மீதி 23 மணி நேரம்?

அடுப்பு கேஸ் தோம்பில் (சிலிண்டரில்) உள்ளே இருப்பது மட்டும் 14 கிலோ, இரும்போடு சேர்த்தால் ஏறக்குறைய இரட்டிப்பு. அமெரிக்காவில் வேலையிடப் பாதுகாப்பை ஆராயும் நியோஷ், 1991இல் திருத்திய கணக்கில், எல்லாம் சாதகமாக இருக்கும்போதே ஒருவர் தூக்க 23 கிலோதான் எல்லை என்கிறது. தோம்பைத் தூக்காதீர்கள். சாய்த்து, விளிம்பில் உருட்டுங்கள். கொண்டுவரும் தம்பியையே அடுப்படி வரை வைக்கச் சொல்லுங்கள், ஒரு மிலோ வாங்கிக் கொடுத்தால் போயிற்று.

பினாங்குப் பாலத்தில் நெரிசலில் ஒரு மணி நேரம் காடியில் உட்கார்ந்து வந்தவர் இறங்கியதும் நேராகப் பாருக்குப் போகக் கூடாது. பத்து நிமிடம் நடந்துவிட்டுப் போங்கள்.

தைப்பூசத்தில் நம் ஊர்போல் தேங்காய் உடைப்பது எங்கே உண்டு? குவியலிலிருந்து குனிந்து எடுத்து, திரும்பி, வேகமாகத் தரையில் அறைவதை நூறு முறை செய்கிறோம். குனிதல், முறுக்கல், வேகம் மூன்றும் ஒரே அசைவில். இடுப்பு பிடித்த ஆண்டில் தேங்காய்களை மேசையில் அடுக்கி வைக்கச் சொல்லுங்கள், அப்போது குனியும் வேலையாவது போகும். நான் அந்த ஆண்டு பதினோரு தேங்காய் மட்டும் உடைத்தேன், மீதியைத் தம்பியிடம் கொடுத்துவிட்டேன்.

பிளேட்டைத் திருப்பி மாட்டும் கதையைச் சொல்லாமல் விட்டால் இதை எழுதியதற்கே அர்த்தமில்லை. 20 கிலோவை இரண்டு கையாலும் வயிற்றோடு அணைத்துப் பிடியுங்கள். இடுப்பைத் திருப்பாமல் பாதத்தைத் திருப்பி, ரேக்குக்கு நேராக நில்லுங்கள். இடுப்பு உயரத்தில் இருக்கும் கொம்பில் மாட்டுங்கள். அடித்தட்டில்தான் இடம் இருக்கிறது என்றால் ஒரு முழங்காலைத் தரையில் ஊன்றி வையுங்கள். காற்பந்தை அப்புறம் பேசிக்கொள்ளலாம்.